பொன்னாடைக்கு அடியில் மைக்

யாரைப் பேட்டி எடுத்தாலும் முதலில் பொன்னாடை போர்த்துவது எங்கள் ஊர் மரியாதை. பரவை காய்கறிச் சந்தையில் ஏலம் கூவும் அண்ணனுக்கும் அப்படித்தான் போர்த்தினேன். அவர் சட்டையில் காலர் மைக், அதன் மேல் ஜரிகைப் பொன்னாடை. இருபது வருடம் கல்யாண வீடியோ எடுத்த எனக்கு இது உறைக்கவில்லை. ஹெட்போனும் மாட்டவில்லை. அவ்வளவு திமிர்.

வியாபாரிகள் சங்க விழாவுக்கான வீடியோ அது. விழா தள்ளிப்போனதால் கிடப்பில் போட்டுவிட்டேன். ஆறு மாதம் கழித்து அவருடைய மனைவி பழங்காநத்தத்தில் இருக்கும் என் ஸ்டுடியோவுக்கு வந்தார். அண்ணனுக்குத் தொண்டையில் கட்டியாம். ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டார்களாம்.

"அவரு கூவுனது வேற எதுலயும் இல்ல தம்பி. ஒங்க வீடியோதான் இருக்கு."

போட்டுப் பார்த்தேன். அவர் கையை அசைக்கும்போதெல்லாம் ஜரிகை மைக்கைச் சரக் சரக்கென்று உரசியது. இரைச்சலைக் குறைக்கும் சாப்ட்வேரில் ஏற்றினால் அவர் குரலும் சேர்ந்து தேய்ந்தது. இரண்டு நாள் அதோடு மாரடித்தேன்.

மூன்றாம் நாள்தான் கேமராவிலேயே இருக்கும் மைக் ஞாபகம் வந்தது. அதுவும் தன்பாட்டுக்குப் பதிவு செய்திருந்தது. லாரி ஹாரன், மூட்டை தூக்குபவர்களின் சத்தம் எல்லாம் இருந்தன, ஆனால் உரசல் இல்லை. உதட்டசைவோடு பொருத்திக் குரலைக் கொஞ்சம் தூக்கினேன். "ஒரு தரம்... ரெண்டு தரம்..." கணீரென்று வந்தது.

ஆரம்பத்தில் இன்னொன்றும் இருந்தது.

"தம்பி, இந்தப் பொன்னாடையக் கழட்டிறவா? சரசரங்குது."

"இருக்கட்டும்ணே. பாக்க நல்லாருக்கு." இது என் குரல்.

வெட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. வெட்டத்தான் கை போனது. ஆனால் அதுவும் அவர் பேசியது, இனி அவர் பேசப்போவதில்லை. அப்படியே விட்டேன்.

அவர் வீட்டு டிவியில் போட்டபோது, "சந்தைச் சத்தத்த முழுசா எடுக்க முடியல மதினி" என்றேன்.

"இருக்கட்டும் தம்பி. அம்புட்டுச் சத்தத்துக்கும் மேலதான் இவரு குரல் கேக்கும்."

பொன்னாடைப் பேச்சு வந்ததும் அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன், தலை நிமிரவில்லை. அவர் அந்த இடத்தை மறுபடி போடச் சொல்லிக் கை காட்டினார். போட்டேன். எனக்குப் பொன்னாடை போர்த்துவது போல இரண்டு கைகளாலும் செய்து காட்டி, தோள் குலுங்கச் சிரித்தார். சத்தமே வரவில்லை.