சுவர் தாண்டி வந்த புகை

சித்தப்பா வீட்டு அடுப்பை அப்பா அலவாங்கால் இடித்துத் தள்ளியபோது எனக்குப் பத்து வயதிருக்கும். ஐந்தாம் வகுப்பைக்கூட முடிக்காமல் ஊர் ஊராகத் திரிந்தவன் நான். எத்தனையோ சண்டைகளைப் பார்த்திருக்கிறேன். அப்படியொரு ஆத்திரத்தை வேறெங்கும் பார்த்ததில்லை.

நமுனுகுல மலைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட எங்கள் லயம். அடுத்தடுத்த இரண்டு காம்பராக்களில் அப்பாவும் சித்தப்பாவும் குடியிருந்தார்கள். தாய் செத்த பிறகு தம்பிக்குச் சோறூட்டி வளர்த்தவர் அப்பாதான் என்று அம்மா சொல்வாள். நடுச்சுவர் கூரைவரை எட்டாது. சித்தியின் அடுப்பு அந்தச் சுவரோரம் இருந்ததால், அவள் தீ மூட்டினால் புகை எங்கள் பக்கம் இறங்கும். விடிகாலையில் அம்மா தகர டப்பாவில் அள்ளிக் கொடுக்கும் தணலில்தான் அந்த அடுப்பே எரியும்.

அப்போது யாரோ இரண்டு நாட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து தோட்டத்து மக்களைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். இந்தியாவுக்கு இத்தனை பேர், இங்கே இத்தனை பேர். எங்களில் எவரையும் கேட்டுச் செய்ததல்ல. அப்பா இங்கேயே இருக்க மனுப்போட்டார். சித்தப்பா அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இந்தியாவுக்கு மனுப்போட்டார். அந்தப் பெரியவர்களைத் திட்டினால் அவர்களுக்குக் கேட்காது. தம்பி பக்கத்துக் காம்பராவில் இருந்தார்.

பேச்சு நின்றது. சித்திக்குத் தணல் கொடுக்கக் கூடாதென்று அம்மாவுக்கு உத்தரவு. சித்தி நெருப்புப்பெட்டி வாங்கிக்கொண்டாள். புகை மட்டும் வழக்கம்போல வந்தது.

"இந்தியாக்காரன் வீட்டுப் பொகைக்கு இங்க என்னா வேல?" என்று அப்பா சுவரைப் பார்த்துக் கத்துவார்.

"பொகைக்கும் பாஸ்போட்டு கேக்குறாருடி அண்ணன்" என்று அந்தப் பக்கம் சித்தப்பா சித்தியிடம் சொல்வார். அம்மா சிரித்துவிட்டு, அதற்கும் வசவு வாங்குவாள்.

இந்தியாவுக்குப் போகிறவர்களைப் பதுளை ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போகும் லொறி வந்த அன்று லயமே அழுதது. சித்தப்பா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, போயிட்டு வர்றேன்."

அப்பா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. சித்தப்பா கொஞ்ச நேரம் நின்றார். தீட்டும் சத்தம் நிற்கவில்லை. அவர் போனதும் நான் லொறிக்கு ஓடப் பார்த்தேன். அப்பா என் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். லொறி வளைவில் மறைந்த பிறகும் விடவில்லை. அன்று அவரைக் கொல்ல வேண்டும்போல் இருந்தது.

மறுநாள், ஆள் கூப்பிடும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கும் முன்பே, அப்பா அலவாங்கோடு சித்தப்பாவின் காலிக் காம்பராவுக்குள் போனார். சத்தம் கேட்டுக் கங்காணி ஓடி வந்தபோது அடுப்பு மண்குவியலாகக் கிடந்தது.

"நாளைக்கு வேற குடும்பம் வருது. எங்கய்யா சோறாக்குவாங்க, ஒன் தலையிலயா?"

"எங்கயாவது ஆக்கட்டும். இந்த எடத்துல வேணாம்."

இடித்தவனே கட்டிக் கொடுக்க வேண்டும் என்றது தோட்டத்து ஆபீஸ். லயம் வேடிக்கை பார்க்க அப்பா மண் குழைத்தார். நான் தண்ணீர் சுமந்தேன். வெட்கம் தாங்காமல் கேட்டுவிட்டேன்: "போனவங்க மேல இன்னும் என்னாப்பா கோவம்?"

சேற்றுக் கையாலேயே அறைந்தார். கன்னத்தில் மண் காய்ந்து இறுகும்வரை நான் துடைக்கவில்லை. பார்க்கட்டும் என்று அவர் முன்னாலேயே நடந்தேன்.

புது அடுப்பை எதிர்மூலையில் கட்டினார். புதுக்குடும்பத்தின் புகை எங்கள் பக்கம் வரவேயில்லை. முகம் தெரியாதவர்கள் மேலுமா வன்மம் என்று பல்லைக் கடித்தேன்.

அதற்குப் பிறகு தினமும் விடிகாலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்து, முன்பு சித்தி வீட்டுப் புகை இறங்கிய நடுச்சுவரின் மேல்விளிம்பையே அப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். கூரைத் தகரம் ஒழுகுகிறதா என்று பார்க்கிறார் என்றுதான், தோட்டத்தை விட்டு ஓடும்வரை நான் நினைத்திருந்தேன்.