மாப்பிள்ளைக்கு முன் சீட்டு

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. சோற்றைப் பிசைந்த கையோடு, சரகோசாவிலிருந்து பில்பாவோவுக்கு ஒரே மூச்சில் ஓட்டலாமா, நடுவில் தங்க வேண்டுமா என்று விவாதம் நடக்கும். இரண்டு ஊரையும் யாரும் பார்த்ததில்லை. எங்கள் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் அதற்கு முன்னால் ஸ்பெயின் என்ற பெயர் கால்பந்து பார்க்கிற பையன்கள் வாயில்தான் வந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் காரணம் பெரியப்பா. அப்பா தறியில் உட்கார்ந்தார். அவருடைய அண்ணனுக்கோ ஓர் இடத்தில் உட்கார்ந்தால் உடம்பு அரிக்கும். அதனால் இளவயதிலேயே சுற்றுலாக் கார் ஓட்டப் போய்விட்டார். கோயில் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம், திருவண்ணாமலை, தஞ்சாவூர் என்று போவார். வீட்டுக்கு வந்தால் தூங்குவார். இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான் இருந்தோம் என்றாலும், எனக்கு அவர் முகத்தைவிட அவர் குறட்டைதான் நல்ல பழக்கம்.

அவருடைய ஒரே மகள், என் அக்கா, கல்யாணமாகி பார்சிலோனாவில் இருந்தாள். "அம்மாவும் நீயும் வாங்கப்பா. ஒரு கார் எடுத்துக்கினு ஸ்பெயின், பிரான்சுன்னு சுத்திட்டு வரலாம்" என்று அவள் போனில் சொன்ன அன்று பெரியப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதில் ஒரு கூடுதல் குஷியும் இருந்தது. அந்த ஊரிலேயே குடியிருப்பவர்கள் அங்கே பரீட்சை எழுதித் தேறினால்தான் கார் ஓட்டலாம். மாப்பிள்ளை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கோட்டை விட்டிருந்தார். சுற்றிப் பார்க்க வருகிறவருக்கோ இங்கிருந்து வாங்கிப்போகும் அனுமதியே போதும். ஆக, கம்ப்யூட்டர் படித்த மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மாமனார்தான் ஓட்டப்போகிறார். இந்தச் செய்தியைக் கார் ஸ்டாண்டில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், வண்டியில் ஏறிய வெள்ளைக்காரர்களிடமும் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களையெல்லாம் கூடத்தில் உட்காரவைத்துத் திட்டத்தை அறிவித்தார். பார்சிலோனாவில் புறப்பட்டு நேராக பிரான்சுக்குள் நுழைவது. கார்கசோன், துலூஸ், லூர்து என்று மேற்கே போவது. மறுபடி ஸ்பெயினுக்குள் இறங்கி சான் செபாஸ்தியான், பில்பாவோ, சரகோசா வழியாகத் திரும்புவது. லூர்து என்ற சொல் காதில் விழுந்ததும் எதிர்வீட்டு டீச்சர் சன்னல் வழியாகவே, மாதா கோயில் தண்ணீர் ஒரு பாட்டில் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அப்புறம் யார் யார் எங்கே உட்காருவது என்பதையும் பெரியப்பா சொன்னார். முன்னால் அவரும் மாப்பிள்ளையும். பின்னால் பெரியம்மாவும் அக்காவும், அவர்களுக்கு நடுவில் சாப்பாட்டுக் கூடை. மாப்பிள்ளைக்கு முன் சீட்டு என்பது எங்கள் பக்கத்தில் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமே இல்லை, அதனால் எல்லோரும் தலையாட்டினோம்.

பெரியம்மா மட்டும் எழுந்தாள். "நான் வரலைபா. நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஏன், என்ன என்று எல்லோரும் மாறி மாறிக் கேட்டார்கள். அக்காவோ தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "அம்மா வரலன்னா நீயும் வராதப்பா." பெரியப்பாவின் முகம் செத்துவிட்டது. ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்ட மனிதர் பாவம், டீக்கடைக்காரர் கண்ணில் படாமல் சுற்று வழியில் போக ஆரம்பித்தார்.

மறுநாள் காரணம் வந்தது. "அந்த மலைய வலமா சுத்தாம எதிர்ப்பக்கமா சுத்துறீங்க. மலைய யாராவது அப்பிடிச் சுத்துவாங்களா?"

எந்த மலை என்று போனை எடுத்துப் பார்த்தால், இரண்டு நாட்டுக்கும் நடுவில் பைரனீஸ் மலை நீளமாகப் படுத்திருந்தது. பெரியப்பா போட்ட வழி அதை இடமாகச் சுற்றிக்கொண்டு வந்தது. மனிதர் ஆடிப்போய்விட்டார். திருவண்ணாமலையில் எதிர்த்திசையில் நடக்கப் பார்த்த எத்தனையோ வெள்ளைக்காரர்களைத் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டவர் அவர். "ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுத்துட்டு நானே இப்பிடிப் பண்ணிட்டேனே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த மலையில் என்ன சாமி இருக்கிறது என்று நான் கேட்டேன். மலையே சாமிதான், வாயை மூடு என்றார்.

வழியை அப்படியே திருப்பிப் போட்டார்கள். முதலில் வட ஸ்பெயினில் சரகோசா, பில்பாவோ. கடலோரமாகவே சான் செபாஸ்தியான். அங்கே எல்லை தாண்டி தென் பிரான்சில் லூர்து, துலூஸ், கார்கசோன். கடைசியில் மறுபடி பார்சிலோனா. சுத்தமான கிரிவலம். அதற்குள் தங்கும் அறைகளுக்கெல்லாம் சொல்லிவைத்திருந்த அக்கா, ஒவ்வொன்றாக மாற்றிவிட்டு, "வேற எந்தச் சாமியாவது பாக்கி இருக்குதான்னு இப்பவே கேட்டுடு" என்றாள்.

பெரியம்மா அப்போதும் வரமாட்டேன் என்றாள். இந்தத் தடவை முட்டிவலி. தைலமும் முட்டிக்கு மாட்டும் உறையும் வந்தன. அடுத்த வாரம், "பின்னாடி உக்காந்தா எனக்கு வாந்தி வருது" என்றாள். பெரியப்பா ஓடிப்போய் எலுமிச்சம்பழம் வாங்கிவந்தார். அம்மா மருந்துக்கடையில் மாத்திரை கேட்டு வைத்தாள். அங்கே சாலையெல்லாம் வழவழவென்று இருக்கும், குலுங்கவே குலுங்காது என்று அக்கா படம் படமாக அனுப்பினாள். குடும்பமே வைத்தியத்தில் இறங்கிவிட்டது. பெரியம்மா எலுமிச்சம்பழத்தையும் பார்த்தாள், பெரியப்பாவையும் பார்த்தாள்.

"இத எடுத்து ஊறுகா போடு" என்று அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு அவள்மேல் அப்படி ஒரு எரிச்சல் வந்தது. ஒரு மனிதர் ஆசையாகக் கூப்பிட்டால் இப்படியா பிகு பண்ணுவது?

இதற்கிடையில் பெரியப்பாவுக்கு வேறொரு கவலை. அங்கே சாலையில் வலப்பக்கமாக ஓட்ட வேண்டும். பழகிப் பார்த்துவிடலாம் என்று ஒருநாள் காலையில், தெரு நீளத்துக்குத் தறிப்பாவு நீட்டியிருந்தவர்கள் நூலைச் சுருட்டிக்கொண்டு போகும்வரை காத்திருந்து, வண்டியை வலப்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு மெயின் ரோடுவரை போனார். எதிரே வாலாஜாபாத் பஸ் வந்தது. அந்த டிரைவர் பேசிய பேச்சை எழுத்தில் போட முடியாது. அத்தோடு பயிற்சி எங்கள் கூடத்துக்கு இடம் மாறியது.

கூடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். அந்த ஊர் வண்டியில் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும் என்பதால் இடது நாற்காலி பெரியப்பாவுக்கு. எவர்சில்வர் தாம்பாளம்தான் ஸ்டியரிங். வலக்கைப் பக்கம் பக்கெட்டில் நிறுத்திய குடை, கியர். வலது நாற்காலியில் மாப்பிள்ளைக்குப் பதிலாக நான், போனில் வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வதற்கு. நான் சொல்லும் அழகைப் பார்த்து என்னையும் கூட்டிப்போய்விடுவார்கள் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. பள்ளிக்கூடம் விட்டதும் பையை வீசிவிட்டு அந்த நாற்காலியில் ஏறிவிடுவேன். அங்கே ரவுண்டானாக்களை இடமாகத்தான் சுற்ற வேண்டும் என்பதைக் கண்டுபிடித்தது அப்போதுதான். "இத உங்க பெரிம்மா காதுல போட்டுடாதமா" என்று பெரியப்பா என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் பில்பாவோவை நெருங்கிக்கொண்டிருந்தோம். ரவுண்டானா வந்தது. எனக்கு வரைபடம் குழம்பிவிட்டது. "லெஃப்ட்ல போ பெரிப்பா... இல்ல இல்ல, ரைட்டு" என்று நான் உளற, பெரியப்பா தாம்பாளத்தைத் திருப்பிப் பிடித்தபடி ரவுண்டானாவிலேயே சுற்றிக்கொண்டிருந்தார்.

"மூணாவது வழியில வெளிய வாங்க" என்று அடுக்களையிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. "ரெண்டாவதுல போனா துறைமுகத்துல கொண்டுபோய் விட்டுடும்."

பெரியப்பா தாம்பாளத்தை நிறுத்தினார். நான் போனைப் பார்த்தேன். மூன்றாவது வழிதான்.

"ரவுண்டானாவ இடமாத்தான் சுத்தணும், அங்க அப்பிடித்தான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருக்கீங்களா ரெண்டு பேரும்? நானும் ராத்திரியில போன்ல பாத்துக்கினுதான் இருக்கேன்." ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே பெரியம்மா கூடத்துக்கு வந்தாள். என் முன்னால் நின்றாள். "எழுந்திரும்மா."

நான் அசையவில்லை. "இது மாப்ள சீட்டு, பெரிம்மா."

"தெரியும். எழுந்திரு."

எழுந்தேன். பெரியம்மா உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் கையிலிருந்த போனையும் வாங்கிக்கொண்டாள். பெரியப்பா திரும்பி அவளைப் பார்த்தார். குடையைப் பிடித்து கியர் மாற்றினார்.

"அடுத்து எங்கமா?"

"சான் செபாஸ்தியான். கடலோரமா ஒரு எடத்துல ஓரங்கட்டுங்க. தயிர்சாதம் சாப்ட்டு எல்லையத் தாண்டலாம்."

தாண்டினார்கள். டீச்சருக்கு லூர்தில் தண்ணீர் பிடித்தார்கள். அடுப்பில் குழம்பு தீய்ந்த வாசனை வந்தபோதும் இரண்டு பேரும் துலூஸை விட்டு எழவில்லை. அம்மாதான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். கார்கசோனுக்குள் நுழைந்தபோது பெரியம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெற்றுப்பல் ஒன்று உண்டு என்பதை நான் அன்றைக்குத்தான் கவனித்தேன்.

பார்சிலோனா வந்து சேர்ந்ததும் பெரியப்பா அக்காவுக்குப் போன் போட்டார். "அம்மா வர்றாம்மா. மாப்ளய பின்னாடி உக்காரச் சொல்லு. வாந்தி வந்தா எலுமிச்சம்பழம் எடுத்துக்கினு வர்றேன்."

நான் அம்மாவிடம் போய் அழுதேன். பெரியம்மா என் சீட்டைப் பிடுங்கிக்கொண்டாள், அத்தனை நாள் வரவே மாட்டேன் என்றவள் இப்போது வந்து உட்கார்ந்துகொண்டாள், இது என்ன நியாயம் என்று ஒரு பாட்டம் புலம்பித் தீர்த்தேன். அம்மா தீய்ந்த சட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "உனக்கென்னமா, எத்தனையோ வண்டியில முன்னாடி உக்காருவ. உங்க பெரிப்பா வண்டியில பெரிம்மா முன்னாடி உக்காந்து நீ என்னிக்காவது பாத்திருக்கியா?"

நான் யோசித்துப் பார்த்தேன். அந்த வண்டியின் முன் சீட்டில் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கோயில் காட்டும் கைடு, அப்பா, கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை, ஏன், நான்கூட உட்கார்ந்திருக்கிறேன். பெரியம்மாவைப் பார்த்ததில்லைதான். அதற்கென்ன? முன்னால் உட்கார வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே, கேட்டால் பெரியப்பா மாட்டேன் என்றா சொல்லியிருப்பார் என்று அம்மாவையே திருப்பிக் கேட்டேன். அம்மா சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். கேட்டால் கிடைக்கிற ஒன்றை ஒருத்தி இத்தனை வருடம் கேட்காமலே இருந்தாள் என்பது, அந்த வயதில் எனக்குச் சுத்த முட்டாள்தனமாகத்தான் பட்டது.