சந்தனம் வைத்த செல்ஃப் பட்டன்

வண்டிகளுக்குப் பூஜை போடும் விஸ்வகர்மா பூஜைக்கு மறுநாள் என் பழைய பைக் செல்ஃப் எடுக்கவில்லை. கிக்கர் முன்பே உடைந்திருந்தது. ஊருக்குப் போகும் மனைவியை ஹவுராவில் ரயிலேற்ற வேண்டும். கொல்கத்தாவில் நாங்கள் இருக்கும் டாக்குரியாவின் டீக்கடை தாதாக்கள் சூழ்ந்துகொண்டார்கள்; வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன்.

"பேட்டரி போச்சு," என்றார் ஒருவர்.

"மோட்டாரே போச்சு. வித்துடு தாதா," என்றார் இன்னொருவர்.

வைத்தியர்கள் நிறைய, வண்டியைத் தள்ள மட்டும் ஆளில்லை. கேட்க எனக்குக் கூச்சம்.

ஹாரன் அலறியது, ஆகவே பேட்டரி உயிரோடிருந்தது. பட்டனை அழுத்தினால்தான் சத்தமே இல்லை. கழற்றிப் பார்த்தேன். பூஜையில் மனைவி பக்தியோடு அப்பிய சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்திருந்தது. பெட்ரோல் துணியால் துடைத்து, மாட்டி அழுத்தியதும் வண்டி உறுமியது.

"நான் சொன்னேன்ல, பேட்டரிதான்!" என்றார் முதலாமவர். தலையாட்டினேன்.

பின்னால் ஏறிய மனைவி, "நேத்து பூஜை பண்ணினதாலதான் கிளம்பிச்சு," என்றாள்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அதற்கும் தலையாட்டினேன்.