கற்பூரத்தின் மேல் வைக்காத கை

பிள்ளைகளா, அப்பா யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சொல்ல மாட்டேன். ஏன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

போன தேர்தலில் ஓட்டு எண்ணி முடித்த வாரமே நம் தெருக் குழாயில் தண்ணீர் நின்றது. அடுத்த தெருவில் வந்தது. நான் தவளக்குப்பம் போய் கேன் தண்ணீர் தூக்கி வந்தேன். உங்க அம்மா அதில்தான் சோறு வடித்தாள். டீக்கடையில் ஜெயித்த கட்சிக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “உங்க பூத்துல எங்களுக்கு விழலியேப்பா.”

பூத் வாரியாகத்தான் எண்ணுகிறார்கள். எந்தப் பக்கம் குறைந்தது என்று தெரியும்; எந்த ஆள் என்று தெரியாது. அதனால் தெருவே ஒருவரை ஒருவர் முறைத்தது. கம்பெனி வேனில் என் பக்கத்தில் உட்காரும் எதிர்வீட்டு அண்ணன், சீட்டு மாறி உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயிலில் தெருக் கூட்டம். தண்ணீர் திரும்ப வரவேண்டுமென்றால், எரியும் கற்பூரத்தின் மேல் கையடித்து, ஜெயித்தவருக்குத்தான் போட்டேன் என்று வீட்டுக்கு ஒருவர் சத்தியம் செய்ய வேண்டுமாம். என் முறை வந்தது. கையை நீட்டவில்லை.

“இன்னாடா, அப்ப நீதானா?” என்றார் அண்ணன்.

“நானா நீங்களான்னு இல்லண்ணே. இன்னிக்குத் தண்ணிக்கு சத்தியம்னா, நாளைக்கு ரேஷனுக்கும் கேப்பாங்க.”

“பேச்சு நல்லா பேசு. எம் பொண்டாட்டி கொடத்தத் தூக்கினு அலையறா.”

பால் மாடு வைத்திருக்கும் பின்வீட்டு அக்கா குறுக்கே வந்தார். “எம் மாடு யாருக்கும் ஓட்டுப் போடலியே, அதுக்கு ஏன்டா தண்ணி இல்ல? வால்வு யாருகிட்ட கீதோ அவங்கள போய் கேளுங்க.”

மறுநாள் காலிக் குடங்களோடு கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி நாம் ஓட்டுப் போட்டு வந்தவர் இல்லை, அரசாங்கம் போட்டவர். “மேல சொல்லணும்” என்றார். மேலே என்றால் யார் என்று கேட்டோம். அதை எழுதிக் கொடுங்கள் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டோம். சாயங்காலம் தண்ணீர் வந்தது.

கூடவே கட்சிக்காரரும் வந்தார். “நாங்க சொல்லித்தான் உட்டாங்க.”

“அப்ப நிறுத்துனதும் நீங்க சொல்லித்தானா?” என்றார் அண்ணன். கட்சிக்காரர் வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

அண்ணன் இப்போது பழையபடி என் பக்கத்தில்தான் உட்காருகிறார். ஆனாலும் வேன் திரும்பும்போது காதோரம் குனிவார்: “சும்மா சொல்லுடா, யாருக்குப் போட்ட?”

அவருக்கே சொல்லவில்லை. உங்களுக்கும் கிடையாது.