சுகந்தி ஏறிய ஏழாம் நம்பர் மலை

மலையகத்து உறவுகளே! பிள்ளைகளைப் படிக்க அனுப்பிவிட்டுக் கொழுந்து பறிக்க மலையேறும் தாய்மாரே! ஏழாம் நம்பர் மலையில், அகற்றப்படாமல் தொங்கும் குளவிக்கூடு நேற்று நம் சுகந்தியைக் கொன்றுவிட்டது.

இருபத்திரண்டு வயது. பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல், இரண்டாம் ஆண்டு. விடுமுறைக்கு வந்தவள், தாயின் கால் வீங்கியிருந்ததால் அவருக்குப் பதிலாகக் கூடையை மாட்டிக்கொண்டு ஏறியிருக்கிறாள்...

எங்கள் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர்தான் தொலைபேசியில் அழைத்தார். “ஐயா, நம்ம சுகந்தி புள்ளய குளவி கொட்டிருச்சுங்க. கொழுந்து லொறியிலதான் ஏத்திட்டு ஓடுனோம். பாதி வழியிலயே முடிஞ்சிருச்சுங்க.”

‘எந்தச் சுகந்தி?’ என்று மூன்று முறை கேட்டேன். அந்தத் தோட்டத்தில் ஒரே ஒரு சுகந்திதான்.

சென்ற ஆண்டு கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒரு முறைப்பாடு. சாக்கு ஊசலாடும்போதே கணக்கப்பிள்ளை தராசின் முள்ளைப் பார்த்து நிறை சொல்கிறாராம். “உழைப்பைத் திருடும் தராசே!” என்று முழங்கத் தொடங்கினேன். சுகந்தி கை உயர்த்தினாள்.

“ஐயா, சாக்கு ஆடிக் கீழ வர்றப்ப முள்ளு கூடத்தாங்க காட்டும். ரெண்டு ஓரத்துலயுந்தான் கொறையும். எப்ப பாக்குறாருன்னு தெரியாம திருட்டுன்னு சொல்ல முடியாதுங்க.”

பின்னாலிருந்து ஒரு குரல்: “அடியே, வாய மூடுடி! கூடக் காட்டுனா ஒனக்கு வலிக்குதா?”

மடுவமே சிரித்தது. என் உரை அவ்விடத்திலேயே நின்றது. இன்றுவரை அந்தத் தராசு யார் பக்கம் என்று எனக்குத் தெரியாது.

பிறகொரு நாள், கொட்டகலையில் பேருந்துக்கு நின்றபோது குறிப்பேட்டை நீட்டினாள். குவாண்டம் மெக்கானிக்ஸ் கணக்குகள். ஆங்கிலத்தில் படிப்பதைத் தமிழில் எழுதிப் பார்க்கிறாளாம். தமிழை நான் திருத்த வேண்டுமாம்.

“எலக்ட்ரன் செவத்துக்கு இந்தப் பக்கம் நிக்குதுங்க. ஏறித் தாண்ட சக்தி பத்தாது. ஆனா சில நேரம் அந்தப் பக்கம் இருக்கும்.”

“கதவைத் திறந்துவிட்டவர் யார் அம்மா?”

“கதவே இல்லீங்க.”

“இது என்ன நியாயம்?”

“நியாயம் இல்லீங்கய்யா, நிகழ்தகவு.” சிரித்தாள். “எனக்கும் வெளங்கலதான். கணக்கு மட்டும் சரியா வருது.”

இரண்டு ஒற்றுப்பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன். வேறொன்றும் செய்யத் தெரியவில்லை...

போன மாதக் கூட்டத்தில் அந்தக் குளவிக்கூட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். கைதட்டல் அடங்கியதும் அவள் அருகில் வந்தாள். “ஐயா, ஆபீசுக்குக் கடுதாசி குடுத்தாச்சுங்களா?”

தலைவர் கொடுத்திருப்பார் என்ற நினைப்பில், “ஆயிற்றம்மா” என்றேன்.

இன்று தலைவரைக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “ஐயாவே அவ்வளவு பேசிட்டீங்க. அதுக்கு மேல கடுதாசி எதுக்குன்னு விட்டுட்டேங்க.”

ஆக, கடிதமே போகவில்லை. ஊரே கேட்ட பேச்சு; எழுத்தில் ஒரு வரி இல்லை. யார்மேல் சினம் கொள்வேன்? எனக்கு விளங்கவில்லை உறவுகளே... சொற்களோடு வாழ்ந்தவனுக்கு இதற்கொரு சொல் அகப்படவில்லை.

இன்று முற்பகல் நானே எழுதி, நானே தோட்ட அலுவலகத்தில் கொடுத்தேன். “பார்க்கிறோம்” என்றார்கள். நாளையும் ஏழாம் நம்பரில்தான் வேலையாம். கூடு அங்கேயே இருக்கிறது.

நிருவாகத்தினரே! நாளைக் காலைப் பெரட்டில் ஆட்களின் பெயர் கூப்பிடுமுன் அதை அகற்றுங்கள்.

சுகந்தி, போய் வா அம்மா. உன்னிடம் பொய் சொல்லிவிட்டேன்.

உறவுகளே, கைதட்ட வேண்டாம், இரங்கல் எழுத வேண்டாம். இப்போதே லயம் லயமாக, வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள்: கூடு இறங்கும்வரை ஏழாம் நம்பர் மலையில் ஒருவரும் ஏறக்கூடாது!