பறித்துத் தின்னும் உரிமை

நொங் சிம் நிலப் பதிவு அலுவலகத்தில் ராத்ரி வேலையை விட்டதற்குக் காரணம் அவளுடைய வாய். முத்திரை குத்தக் கொடுத்த காகிதத்தில் குத்திவிட்டு அடுத்தவரைக் கூப்பிட அவளுக்கு வராது. "ஏம்மா, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா?" என்று கேட்பாள். படிக்கவில்லை என்றால் அவளே படித்துக் காட்டுவாள். கேட்டவர்களில் பாதிப் பேர் கையெழுத்துப் போடாமலே வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். வரிசை நகராது. மேலதிகாரி நல்ல மனிதர். ஒருநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "ராத்ரி, ஒண்ணு நீ பேசணும், இல்ல இந்த ஆபீஸ் நடக்கணும். ரெண்டும் சேர்ந்து ஆகாதும்மா" என்றார். அவள் யோசித்துப் பார்த்தாள். பேசுவது என்று முடிவெடுத்தாள்.

ராஜினாமா கொடுத்த மறுவாரமே அலுவலக வாசலுக்கு நேர் எதிரே, நூடுல்ஸ் கடைப் பந்தலின் ஓரத்தில், ஒரு மேஜையும் ஜெராக்ஸ் மெஷினும் இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூலும் வந்து உட்கார்ந்தன. உள்ளே இருந்தபோது சம்பளத்துக்குப் பேசியதை இப்போது கட்டணம் வாங்கிக்கொண்டு பேசினாள். அலுவலகத்தில் இருந்தவர்களுக்கும் இது வசதியாகப் போயிற்று. விளக்கம் கேட்டு யாராவது இழுத்தடித்தால், ஜன்னல் வழியாக ராத்ரியைக் கை காட்டிவிடுவார்கள்.

தாய்லாந்தின் வடகிழக்கில், உடோன் பக்கத்து ஊர்களில் பென்ஷன் வாங்கும் வெள்ளைக்காரர்கள் அதிகம். இங்கே பெண் கட்டி, வீடு கட்டி, கோழி வளர்த்து, வெயிலைத் திட்டிக்கொண்டே வெயிலில் உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களுக்குச் சந்தேகம் வந்தால் முதலில் பீர் கடையில் கேட்பார்கள். அங்கே சொன்னதைக் கேட்டு மாட்டிக்கொண்ட பிறகு ராத்ரியிடம் வருவார்கள்.

ஓர் ஆஸ்திரேலியர், வெளிநாட்டுக்காரர் நிலம் வாங்கக் கூடாது என்ற சட்டத்தைச் சுற்றிப்போக, கம்பெனி ஆரம்பித்து அதன் பெயரில் நிலம் வாங்கியதைப் பெருமையாகச் சொன்னார்.

"பங்குதாரருங்க யாரு?" என்று ராத்ரி கேட்டாள்.

"என் மனைவியோட சித்தப்பா, அவரோட டிரைவர், அப்புறம் எனக்கு முடி வெட்டுறவர்."

"கம்பெனி என்ன தொழில் பண்ணுது?"

"தொழில் எதுவும் இல்ல. நான் அதுல குடியிருக்கேன்."

"அதுக்குப் பேரு கம்பெனி இல்லண்ணே, கேஸு. நல்ல வக்கீலாப் பாருங்க."

மனைவிமாரையும் விட்டுவைக்க மாட்டாள். "உன் பரங்கி செத்துட்டா முதல் வேலையா ஏடிஎம் கார்டைத் தூக்கிட்டு ஓடாத. செத்தவன் கணக்குல பணம் எடுத்தா போலீஸ் அவனைத் தேடாது, உன்னைத்தான் தேடும். மூச்சு இருக்கும்போதே உயில் எழுதி வாங்கு. அவன் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டா, 'எனக்கும் சேர்த்து ஒண்ணு எழுதிருவோம்'னு சொல்லு."

இத்தனை வெள்ளைக்காரர் வந்து போகும் மேஜையில் உட்கார்ந்திருந்தும் அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நூடுல்ஸ் கடைக்காரிக்கு இது பெரிய குறை. "ஒருத்தன்கூடவா தேறல?" என்று அடிக்கடி கேட்பாள்.

"எல்லாரோட காகிதத்தையும் பார்த்துட்டேனே, அதான்" என்பாள் ராத்ரி.

மழை ஓய்ந்து அறுவடைக்கு முந்தைய வாரத்தில் ஆர்னே வந்தார். நார்வேக்காரர். படகு எஞ்சின் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். சைக்கிள் மிதித்து வந்ததில் முகம் வேகவைத்த இறால் நிறத்துக்கு வந்திருந்தது. மனைவி லம்துவானின் தாய் விட்டுப்போன நிலத்தில், இவர் பணத்தில் வீடு கட்டியிருந்தார்கள்.

"பீர் கடையில சொல்றாங்க, எனக்கு எந்த உரிமையும் இல்லையாம். அவ நினைச்சா நாளைக்கே என்னை வெளிய தள்ளலாமாம்" என்றார்.

"நிலம் உங்க பேருக்கு வராதுண்ணே, வெளிநாட்டுக்காரருக்குக் கிடையாது. ஆனா உயிரோட இருக்கிற வரைக்கும் அதுல இருந்து அனுபவிக்கலாம்னு அவ பத்திரத்துலயே பதிவு பண்ணிக் குடுக்கலாம். 'பறிச்சுத் தின்னுற உரிமை'ன்னு பேரு. பேரைப் பார்த்து ஏமாறாதீங்க, வீடு, தோட்டம், வாடகை எல்லாம் அதுல அடக்கம். நிலம் கை மாறினாலும் உங்களைக் கிளப்ப முடியாது."

"அதை அவகிட்ட நான் எப்படிக் கேக்கிறது? சந்தேகப்படுறேன்னு நினைப்பாளே."

"சந்தேகம்தானே படுறீங்க?"

ஆர்னே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அவமேல இல்ல" என்றார் மெதுவாக. "அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

ராத்ரி வாக்குக் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து, அகலத் தொப்பியும் முகத்தை மூடிய துணியுமாக ஒரு பெண் வந்தாள். ஊரில் பாதிப் பேர் வயலுக்கு அப்படித்தான் போவார்கள் என்றாலும், இவள் மேஜைக்கு வந்த பிறகும் துணியை அவிழ்க்கவில்லை.

"லம்துவான், மூச்சு முட்டப் போகுது, எடுத்துரு" என்றாள் ராத்ரி.

லம்துவான் துணியை இறக்கிவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தாள். "அக்கா, டாக்டர் என் இருதயத்தைப் பத்தி ஏதேதோ சொல்றார். நான் முன்னாடி போயிட்டா அவர் கதி என்ன?"

"சட்டப்படி அவருக்கும் பங்கு உண்டு. ஆனா வச்சுக்க முடியாது, ஒரு வருஷத்துல வித்தாகணும்."

"ஒரு வருஷமா! எங்க அண்ணன் சவாட் ஒரு வாரம் விடமாட்டான்க்கா. என் வீட்டுக்குப் பின்னாடி மீன் குளம் வெட்டணும்னு இப்பவே கயிறு பிடிச்சு அளந்துட்டுப் போயிட்டான். அந்த மனுஷனுக்கு இந்த ஊரை விட்டா வேற போக்கிடம் இல்ல. ஏதாவது வழி சொல்லேன். ஆனா அவருக்குத் தெரியக்கூடாது. சாவைப் பத்திப் பேசினா அன்னிக்கு முழுக்கச் சாப்பிட மாட்டார்."

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டிய ராத்ரிக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. ஜெராக்ஸ் மெஷினில் தாள் சிக்கியதுபோலக் குனிந்து, அதன் மூடியைத் திறந்து மூடி, முகத்தைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள். இருவருக்கும் வாக்குக் கொடுத்தாயிற்று. ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்ல முடியாது. ஆனால் இருவரையும் ஒரே நாளில் வரச்சொல்லக் கூடாது என்று யாரிடமும் வாக்குக் கொடுக்கவில்லை.

"வியாழக்கிழமை அவரை எப்படியாவது இங்க கூட்டிட்டு வா" என்று லம்துவானிடம் சொன்னாள். அவள் போனதும் ஆர்னேவுக்குப் போன் செய்து, அதே நாள், அதே நேரம், மனைவியைக் கூட்டி வரச்சொன்னாள்.

வியாழக்கிழமை காலை, அந்தப் பந்தல் கடை நூடுல்ஸ் சாப்பிட ஆசையாக இருக்கிறது என்று லம்துவான் ஆரம்பித்தாள். நொங் சிம்மில் ஏதோ முகவரிச் சான்று வாங்க வேண்டும் என்று அதற்குள் ஆர்னே ஆரம்பித்துவிட்டார். இருவரும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போனது இருவருக்குமே ஆச்சரியம். ஒரே தொல்லை, பேருந்து வராததால் சவாட்டின் வண்டியில் வர வேண்டியதாயிற்று. நிலப் பதிவு அலுவலக வாசலில் இறக்கிவிடச் சொன்னதும் சவாட்டுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. வண்டியை நிறுத்திவிட்டு அவனும் கூடவே வந்தான்.

மூவரும் பந்தலில் உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். ஆர்னே மனைவியைப் பார்ப்பார், தொண்டையைச் செருமுவார், மிளகாய்த் தூளை அள்ளிப் போட்டுக்கொள்வார். லம்துவான் கணவனைப் பார்ப்பாள், வாயைத் திறப்பாள், "இன்னும் கொஞ்சம் சூப்பு?" என்பாள். அடுத்த மேஜையில் ராத்ரி விசிறிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். மிளகாய் தலைக்கேறி ஆர்னேவின் கண்ணில் தண்ணீர் கொட்டிய பிறகு, இதற்கு மேல் விட்டால் மனிதர் தாங்க மாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

"ரெண்டு பேரும் என்கிட்ட கேட்டதை, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக் கேட்டுருங்க. எனக்கு மத்தியானத்துக்கு மேல வேலை இருக்கு" என்றாள்.

"ரெண்டு பேருமா?" என்றார்கள் கணவனும் மனைவியும் ஒரே குரலில்.

பிறகு ஆர்னே தமது உடைந்த தாய்லாந்துப் பேச்சில் கேட்டார். பாதியிலேயே லம்துவான் சிரிக்கத் தொடங்கி, அழுது, அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். "இதைக் கேக்கவா இவ்வளவு மிளகாய்?"

சவாட் சூப்புக் கிண்ணத்தை வைத்தான். "என்ன நடக்குது இங்க? நிலத்தை இந்தப் பரங்கி பேருக்கு மாத்தப் போறீங்களா?"

"மாத்தவே முடியாதுண்ணே" என்றாள் ராத்ரி. "வேணும்னா உள்ள வந்து நீங்களே கேட்டுக்கோங்க. சாட்சிக் கையெழுத்துக்கும் ஆள் வேணும்."

பதிவு அதிகாரி ஒரு காலத்தில் ராத்ரிக்குக் கீழே வேலை பார்த்தவர். அவளிடம் கற்ற பழக்கத்தில் ஒவ்வொரு வரியையும் நிறுத்தி வாசித்தார். "நிலத்தின் உரிமையாளர் லம்துவான். அதில் மாற்றம் இல்லை."

"அது போதும்" என்றான் சவாட். அவன் போன் அடித்தது. யாரோ பன்றிக்குட்டி விலை கேட்டார்கள். அதிகாரி நிலத்தை வைத்திருப்பது, பயன்படுத்துவது, ஆயுள் முழுவதும் என்று வரிசையாக வாசித்துக்கொண்டிருந்தபோது அவன் விலை பேசிக்கொண்டிருந்தான். போனை வைத்தபோது காதில் விழுந்தது கடைசி வரி மட்டும்.

"பறிச்சுத் தின்னுற உரிமையா?" என்று உரக்கச் சிரித்தான். "மாங்கா பறிக்கவா பத்திரம்? இவருக்குக் கடிக்கப் பல்லு இருக்கா? எங்க கையெழுத்துப் போடணும், காட்டுங்க!"

"அண்ணே, முழுசாப் படிச்சுட்டுப் போடுங்க" என்றாள் ராத்ரி.

"நீ பேசினா சாயங்காலம் ஆயிரும்" என்று சொல்லி, சவாட் பெரிதாகக் கையெழுத்துப் போட்டான்.

வெளியே வந்ததும் ராத்ரி தம்பதியை நிறுத்தி எச்சரித்தாள். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள எழுதிக்கிறது, சண்டை வந்தா ரத்து பண்ணவும் சட்டத்துல இடம் இருக்கு. அதனால சண்டை போட்டா கோழிக்காகப் போடுங்க, பத்திரத்துக்காகப் போடாதீங்க."

அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் சவாட் மண் தோண்டும் இயந்திரத்தோடு தங்கை வீட்டுப் பின்புறம் போய் இறங்கினான். ஆர்னே கால்சட்டைக்கு மேலே இடுப்புத் துண்டு கட்டிக்கொண்டு, பத்திர நகலை நீட்டினார். இயந்திரத்தை ஓட்டிவந்தவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். படித்துவிட்டு, "அண்ணே, இவர் சொல்லாம மண்வெட்டிகூட வைக்க முடியாது போலிருக்கே. சாட்சின்னு உங்க பேரே இருக்கு" என்றான்.

ஒரு மணி நேரத்தில் சவாட் ராத்ரியின் மேஜைக்கு முன்னால் நின்றான். நூடுல்ஸ் கடையில் இருந்தவர்கள் எல்லாம் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னை முட்டாளாக்கிட்டியே!"

"படிச்சுட்டுப் போடுங்கன்னு சொன்னேனே அண்ணே."

"மாங்கான்னு நினைச்சேன்!"

"அதுவும் இருக்கு. மாங்காயும் அவருக்குத்தான்."

சவாட் இன்னும் கொஞ்ச நேரம் கத்தினான். தொண்டை காய்ந்ததும் நூடுல்ஸ் கடைக்காரி தண்ணீர் கொடுத்தாள். குடித்தான். போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். குரல் இறங்கிவிட்டது.

"அந்த உரிமையை அப்பன் வச்சுக்கிட்டு, நிலத்தை மட்டும் புள்ளைங்க பேருக்கு மாத்த முடியுமா?"

"தாராளமா. நிறையப் பேர் அப்படித்தான் பண்றாங்க. ஏன்?"

"பெரியவன் எழுதிக்குடுன்னு தினம் பிடுங்குறான். குடுத்துட்டா அவன் பொண்டாட்டி என்னைப் பன்னிக் கொட்டாய்ல படுக்க வச்சிருவா."

ராத்ரி ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். "நிலப் பத்திரமும் அடையாள அட்டையும் கொண்டாங்க. பையனையும் கூட்டிட்டு வாங்க."

"அவன் முழுசாப் படிப்பானே, அந்தப் பய படிச்சவன்" என்றான் சவாட் கவலையோடு.

"படிக்கட்டும்ண்ணே. அப்பன் எழுதிக்குடுக்கிறதை வேண்டாம்னு சொல்ற பையனை நான் இன்னும் பார்த்ததில்ல. கத்தினதுக்கும் சேர்த்து உங்களுக்கு மட்டும் கட்டணம் கொஞ்சம் கூட."

சவாட் தலையாட்டிவிட்டு, ஒரு கிண்ணம் நூடுல்ஸுக்குச் சொன்னான்.