கூடத்துத் தரையில் ஒரு மாகாணம்

எங்கள் வீட்டு மாடியில் ஒரு கொரியாக்காரர் குடியிருந்தார். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பெரிய அதிகாரி. ஆனால் அவருடைய தமிழ், உற்பத்தி லைனில் வேலை செய்த திருநெல்வேலிப் பையன்களிடம் கற்றது. அப்பாவைப் பார்த்தால் இடுப்புவரை குனிந்து வணங்கிவிட்டு, "என்னலே, சாப்ட்டியா?" என்பார். அப்பாவும் பணிவாக, "ஆச்சு சார்" என்பார்.

நான் நாலாம் வகுப்பு படித்த அந்த வருஷம் அம்மாவுக்கு ஒரு வேலை கிடைத்தது. பிள்ளைப்பாக்கத்தில் இருந்த நிலம் கைவிட்டுப் போய், அப்பா செய்வதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்த சமயம். செல்போன் கம்பெனியில் இன்டர்வியூ முடிந்து, திங்கட்கிழமை காலையில் பஸ் வரும் என்றும் சொல்லிவிட்டார்கள். பெரியப்பாதான் ஒப்பவில்லை. அவர் ஒரு காலத்தில் பஞ்சாயத்துத் துணைத்தலைவர். பதவி போன பிறகு எங்கள் குடும்பத்தை நிர்வாகம் செய்துவந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து, ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நம்ம வூட்டுப் பொம்பளைங்க ஷிஃப்டுக்குப் போனா ஊரு இன்னா பேசும்?" என்றார். அப்பா தரையைப் பார்த்தார். அம்மா சமையலறை வாசலில் நின்றாள். பெரியப்பா முன்னால் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து கொரியாக்காரர் காலித் தண்ணீர்க் கேனோடு இறங்கி வந்தார். வெளியூர் ஆள் யாரைக் கண்டாலும் பெரியப்பா விடமாட்டார். எந்த ஊர், எந்த ஜில்லா, அங்கே கலெக்டர் யார் என்று ஆரம்பித்துவிடுவார். கொரியாக்காரருக்கு ஒரே குஷி. என் சாக்பீஸை வாங்கி, கூடத்தில் மண்டிபோட்டு, உருளைக்கிழங்கு மாதிரி ஒன்றை வரைந்தார். சுற்றிலும் அலை அலையாகக் கோடு போட்டு, "கடலுலே" என்றார். அதுதான் அவர் பிறந்த ஜேஜு. அந்தத் தீவு முழுக்கச் சேர்ந்து ஒரு மாகாணம்.

நடுவில் ஒரு மலை. எப்போதோ நெருப்பைக் கக்கியது. இப்போது குளிர்காலத்தில் அதன் தலையில் பனி. அந்த நெருப்பு ஆறிப்போன கறுப்புக் கல்லால்தான் அங்கே சுவர்கள், வயல் வேலிகள் எல்லாம். வடக்கே ஒரு நகரம், தெற்கே ஒரு நகரம். நான் ஏரியைத் தவிர பெரிய தண்ணீரைப் பார்க்காதவள். நாலு பக்கமும் கடலை வைத்துக்கொண்டு மனிதர்கள் எப்படித் தூங்குவார்கள் என்று எனக்குப் பயமாகவும் இருந்தது, அங்கே உடனே போகவேண்டும் போலவும் இருந்தது.

பெரியப்பாவுக்கு மலையில் அக்கறை இல்லை. நிர்வாகம் எப்படி என்று கேட்டார். கவர்னரை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். இரண்டு நகரத்துக்கும் மேயரை அந்தக் கவர்னரே நியமிப்பார். மற்ற மாகாணங்களுக்கு இல்லாத தனி அதிகாரமெல்லாம் அந்தத் தீவுக்கு உண்டு. பாதி தமிழிலும் பாதி கையாலும் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. மேயருக்குத் தேர்தலே இல்லை என்பதைப் பெரியப்பாவால் தாங்கமுடியவில்லை.

"செரி, கடலோரத்துல யாரு தலைவரு?"

"அம்மா" என்றார் கொரியாக்காரர்.

அவருடைய அம்மா கடலில் மூச்சடக்கிக் குதித்து, சிப்பியும் நத்தையும் எடுப்பவராம். முதுகில் சிலிண்டர் எதுவும் கிடையாது. என்றைக்குக் கடலில் இறங்குவது, எந்த இடத்தில் கை வைக்கக்கூடாது என்பதையெல்லாம் அந்தப் பெண்களே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்வார்களாம். அந்தக் கூட்டத்தில் ஆண்களுக்கு இடமில்லையாம்.

"அப்போ ஆம்பளைங்க இன்னா பண்ணுவாங்க?"

"அப்பா? சோறு. பிள்ள." கைகளில் குழந்தையை ஆட்டிக் காட்டினார். என் அப்பா அப்போதுதான் தலையைத் தூக்கினார்.

"எவ்ளோ நேரம் சார் தண்ணிக்குள்ள இருப்பாங்க?" கேட்டது எங்கள் அம்மா!

கொரியாக்காரர் மூக்கைப் பிடித்துக் கன்னத்தை உப்பிக்கொண்டார். முகம் சிவந்தது. நானும் மூச்சைப் பிடித்தேன். பெரியப்பாகூடப் பிடித்திருந்தார் என்று நினைக்கிறேன். கடைசியில் கொரியாக்காரரின் உதட்டிலிருந்து மெல்லிய, நீளமான ஒரு விசில் வந்தது. தண்ணீருக்கு மேலே வரும்போது தன் அம்மா விடும் மூச்சு அதுதான் என்றார். அந்தச் சத்தம் கேட்கும்வரை கரையில் அவருடைய அப்பா யாரோடும் பேசமாட்டாராம்.

"புள்ளைய நான் பாத்துக்கறேண்ணா," என்றார் அப்பா திடீரென்று. "அது வேலைக்குப் போவட்டும்."

பெரியப்பா, "ஒரு மாசம் பாக்கலாம்," என்று தீர்மானம் நிறைவேற்றிவிட்டு எழுந்தார். தீவை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றித்தான் போனார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "அங்கிள், உங்க அக்கா தங்கச்சியெல்லாம்கூட குதிப்பாங்களா?"

அவர் சிரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். "அக்கா இல்லலே. அம்மா விடல. கடல், அம்மா மட்டும். அக்காவ, படி படின்னு அடி."

அவ்வளவு பெரிய கடல் இருக்கும்போது யாராவது பள்ளிக்கூடத்துக்குப் போவார்களா? எனக்கு அந்த அக்காமேல் பரிதாபமாக இருந்தது. "நானா இருந்தா குதிப்பேன். பெருசானதும் அம்மாகூடவே கம்பெனி பஸ்ல போவேன்" என்று அறிவித்தேன். அப்பாவும் கொரியாக்காரரும் சிரித்தார்கள்.

அம்மா சிரிக்கவில்லை. கேட்டது கிடைத்த சந்தோஷம் அவள் முகத்திலிருந்து போய்விட்டிருந்தது. என் கையைப் பிடித்து, விரலில் இருந்த சாக்பீஸ் தூளை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். "போய் புஸ்தகம் எட்த்துகினு வா" என்றாள். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது, எனக்கு மட்டும் எதற்கு இந்தத் தண்டனை என்று அழுதுகொண்டே போனேன்.